பாகு தடவிய மூடி

உன் வண்டியில் எறும்பு ஏறிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், திங்கட்கிழமை காலையில் தங்கச்சி போன் செய்து முதலில் சொன்னதே இதுதான். "அண்ணாச்சி, அவிய வண்டில எறும்பு சாரை சாரையா ஏறுது. என்னத்தையோ கண்டுருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, சும்மா போன் செய்கிறவள் இல்லை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் அப்போதுதான் அட்டை லோடு இறங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்தேன்.

உன் கடலை மிட்டாய்ப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைக்கு, நீ கண்ணை மூடிய பிறகு, நான் வரவே இல்லை. வர மனசில்லை. இரண்டு மழைக்காலமாகச் சாக்குப் போர்த்தி நிற்கிறது உன் புல்லட். சாக்கை உருவினேன். எறும்பு பின் டயரில் ஏறி, ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, என்ஜினின் வலது பக்கத்தில் இருக்கிற அந்த உள்ளங்கை அகல மூடியின் ஓரத்தில் போய் நுழைகிறது. டேப்பட் மூடி. விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஆயிலும் வெல்லப்பாகும் கலந்த வாசம். வேறு எந்த ஊரில், எவன் வண்டியில் இந்த வாசம் வரும்? மறுபடியும் பாகு தடவி வைத்திருக்கிறாய்!

உன் காரியத்துக்கு வந்து நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. திங்கட்கிழமை காலையில், விரலில் பிசுபிசுப்போடு, எறும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. கூடவே கோபமும் வந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என்ஜினுக்குப் பாகு வைக்காதே என்று.

"அழுதீங்களா மாமா?" என்று பின்னால் குரல். உன் மகள். பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். உன்னைவிட நன்றாகவே நடத்துகிறாள், கோபித்துக்கொள்ளாதே. கையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கொட்டகையை இடித்துவிட்டு மிட்டாய் பாக்கெட் போடுகிற அறை கட்டப்போகிறாளாம். தின்கிற சாமான் செய்கிற இடத்தில் எறும்பும் எண்ணெயும் இருக்கக் கூடாது. வண்டியை நிறுத்த மிச்சம் இருக்கிற ஒரே இடம் வீட்டு வாசல் போர்டிகோ. அங்கே அவள் ஆசை ஆசையாக வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கிறாள்.

"மதுரைல ஒருத்தர் பழைய வண்டியா வாங்கிச் சேக்காரு மாமா. நல்லா வச்சுக்குவாரு. ஞாயித்துக்கிழமை லோடு வண்டியோட வாரேன்னுருக்காரு."

"அம்மா என்ன சொல்லுதா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாம இருக்கதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." கொஞ்ச நேரம் சீட்டின் கிழிசலை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க சரி பண்ணித் தாங்க. ஞாயித்துக்கிழமை காலைல டைல்ஸ்ல ஒரு சொட்டு எண்ணெய் இல்லன்னா வண்டி இங்கனயே நிக்கட்டும். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் குடுத்துருவேன்."

அவளுக்கும் கொடுக்க மனசில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டாள். அது உன் பக்கத்துக் குணம் இல்லை. நீ காலையில் ஒன்று சொல்லி மத்தியானம் வேறு ஒன்று சொல்லுகிற ஆள். அது தங்கச்சி வீட்டுப் பக்கத்துக் குணம். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நீயும் நானும் சேர்ந்தே அந்த வண்டியை அதிக நாள் ஒழுகாமல் நிறுத்தி வைத்தது இல்லையே.

அதை முதல் முதலில் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், பருத்தி அடைக்கிற கொட்டகையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. மிளகாய் வற்றல் மூட்டைக்கும் பருத்தி மூட்டைக்கும் நடுவில் ஹெட்லைட் மட்டும் வெளியே தெரிந்தது. விற்கிறவர் பெரிய பேச்சுக்காரர். "தரையப் பாருங்க அண்ணாச்சி. இத்தன வருசமா நிக்கி. ஒரு சொட்டு எண்ணெய் கெடக்கா?" என்றார். நான் குனிந்து பார்த்தேன். கரிசல் தரை, வெடித்துக் கிடந்தது. நிஜமாகவே ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ மட்டும் உட்கார்ந்து, என்ஜினுக்கு நேர் கீழே ஒரு மண்கட்டியைப் பெயர்த்தாய். கையில் வைத்து உடைத்தாய். மோந்து பார்த்தாய். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏலே, மண்ணு பூரா குடிச்சிருக்கு" என்றாய்.

கருப்பு மண்ணில் கருப்பு எண்ணெய் விழுந்தால் எவனுக்குத் தெரியும்! அவ்வளவு தெரிந்தும் வாங்கினாய். ஏன் வாங்கினாய் என்று வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன். "இத்தன வருசம் ஒழுகியும் உள்ள இன்னும் எண்ணெய் வச்சிருக்குலே. அதுக்கு வாழணும்னு ஆசை இருக்கு" என்று சொன்னாய். இப்படி ஒருவனிடம் என்ன பேச முடியும்?

அதை உயிர்ப்பித்த அன்றைய கூத்தை அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே வேலை செய்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம். தங்கச்சி வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள். அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தோம், எண்ணெய் கம்மியாக இருந்தது. புது எண்ணெயை விளிம்பு வரை ஊற்றினோம். நாள்பட நின்ற வண்டியில் மேலே இருக்க வேண்டிய எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து என்ஜினின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியாது. நீ உதைத்து உதைத்துக் கடைசியில் என்ஜின் பிடித்தது. பிடித்த வேகத்தில் அடியில் தேங்கிய அத்தனையும் மூச்சுக்குழாய் வழியாகப் பீறிக்கொண்டு வந்தது. பாதி என் வேட்டியில், பாதி புதுச் சுவரில். நான் குதித்தேன். நீ அசையாமல் நின்று, "உயிர் வந்துட்டுலே" என்றாய்.

தங்கச்சி வெளியே வந்தாள். சுவரைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குக் கண்மை வச்சு விட்டுட்டீங்களாக்கும் ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கறை நாம் எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே மேலே வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒழுகல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. அந்த டேப்பட் மூடி மட்டும் அடங்கவில்லை. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் வாங்க அப்போது மதுரைக்குத்தான் போக வேண்டும். நான் தீப்பெட்டி அட்டையை எடுத்து, மூடியை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டி அச்சாக வெட்டிக் கொடுத்தேன். என் அட்டை போதும் என்றேன். நீ கேட்கவில்லை. அடுப்பில் கொதிக்கிற மிட்டாய்ப் பாகில் ஒரு கரண்டி எடுத்து வந்து அட்டையின் இரண்டு பக்கமும் தடவினாய். "கல்லு மாதிரி இறுகிரும்லே. தண்ணிலதான் இது கரையும். எண்ணெய்க்கு அசையாது" என்றாய். உன் பாகும் என் அட்டையும்! கோவில்பட்டியில் பிறந்தவர்களுக்கு அல்லாமல் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்.

அசையாமல்தான் இருந்தது, மழை வருகிற வரைக்கும். எட்டயபுரம் ரோட்டில் ஒரு தூறலில் நனைந்து போய், டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து ஏறினோம். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். நீ ஓடுகிற வண்டியில் இருந்து குதிக்காத குறையாக நிறுத்திவிட்டு ரோட்டில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நனைந்து கரைந்த பாகைத் தேடி ஏறிய எறும்பு வேட்டிக்குள். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு நீ எனக்குச் சத்தியம் செய்தாய், இனிமேல் பாகு இல்லை என்று.

அந்தச் சத்தியத்தை நீ மீறியதைத்தான் திங்கட்கிழமை எறும்பு காட்டிக் கொடுத்தது. நீ மூச்சு முட்டிச் சிரமப்பட ஆரம்பித்து, டாக்டர் இனி வண்டியைத் தொடக் கூடாது என்று சொன்ன பிறகு, அதை நீயே முறையாகப் படுக்க வைத்தாய். எண்ணெயை மாற்றியிருக்கிறாய். பிஸ்டனை உச்சியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய், வால்வு இரண்டும் மூடி ஈரம் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று. சைலன்சர் வாயில் துணி அடைத்திருக்கிறாய். எல்லாம் சரியாக இருக்கிறது. மூடிக்கு மட்டும் பழைய பேக்கிங் மேலேயே பாகு. அன்றைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். மறுநாள் வந்திருப்பேன், ஒரு அட்டை வெட்டிக் கொடுத்திருப்பேன். என்ன அவசரம் உனக்கு என்று கொட்டகையில் உட்கார்ந்து கேட்டேன். என்ன அவசரம் என்று எனக்குத் தெரியாமலா கேட்டேன்.

வேலையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரு தப்பும் செய்யக் கூடாது என்று முதலில் அடியில் இருக்கிற நட்டைக் கழற்றி, இறங்கிக் கிடந்த எண்ணெயை வடித்தேன். தேன் நிறத்தில் வந்தது. நீ ஊற்றி வைத்த எண்ணெய், ஒரு தெருகூட ஓடாத எண்ணெய். கீழே கொட்ட மனசு வராமல் ஒரு டப்பாவில் பிடித்து வைத்திருக்கிறேன். மூச்சுக்குழாயின் ரப்பர் நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது திறக்காவிட்டால் உள்ளே காற்று முட்டி, கிடைக்கிற சந்தில் எல்லாம் எண்ணெயைப் பிதுக்கிவிடும். அதை மாற்றினேன். சும்மா நின்றே சுருங்கிப்போன ஆயில் சீல்களை மாற்றினேன். மதுரைக்கு பஸ் ஏறிப் போய் நல்ல பேக்கிங் தாள் வாங்கி வந்தேன். ஒவ்வொரு மூடியையும் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினேன்.

டேப்பட் மூடியில் இறுகியிருந்த பாகை எடுக்க முடியவில்லை. தங்கச்சியிடம் வெந்நீர் கேட்டேன். குண்டான் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். மூடியை உள்ளே போட்டதும் பாகு கரைந்து, கொட்டகை முழுக்க வெல்ல வாசம் பரவியது. அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"அன்னிக்கு அடுப்புல இருந்து கரண்டியோட எடுத்துட்டுப் போனாவ. எதுக்குன்னு கேட்டேன். ருசி பாக்கன்னு சொன்னாவ" என்றாள்.

"பொய் சொல்லக்கூடத் தெரியாதே அவனுக்கு."

"நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. குட்டை ஸ்பேனர். டூல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். பழைய பிளக் இருந்தது. துடைப்பதற்கென்று நீ புதியம்புத்தூர் தையல் கம்பெனிகளில் இருந்து வாங்கி வருவாயே, கலர் கலரான வெட்டுத் துணி, அது இருந்தது. ஸ்பேனரை மட்டும் காணோம். உன்னைத் திட்டிக்கொண்டே தேடினேன். அது எனக்காக நீ செய்தது அல்லவா. அந்த டேப்பட் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று நான் முறுக்குவேன். இன்னும் ஒழுகும். இன்னும் முறுக்குவேன். மூடி நடுவில் அமுங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். இரண்டு மூடி என் கையால் போயிற்று. ஒரு நாள் நீ ஸ்பேனரை வைஸ் கவ்வியில் இறுக்கி, கைப்பிடியைப் பாதியாக அறுத்தாய். அறுத்த முனையை அரத்தால் ராவி வழவழப்பாக்கி என் கையில் கொடுத்தாய். "உன் கைக்கு இவ்வளவு நீளம் போதும். பயந்து முறுக்குத. பயந்து முறுக்குனா இன்னும் ஒழுகும்லே."

பிடி குட்டையாக இருந்ததால் எவ்வளவு முக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் நட்டு திரும்பாது. என் கோபத்துக்கு அளவு வைக்கிறானாம் என்று கொஞ்ச நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்த அளவில் மூடி சில நாளாவது அடங்கி நின்றது, அதனால் இன்னும் கோபம். இப்போது அது இல்லாமல் என் வீட்டு நீள ஸ்பேனரைக் கொண்டுவந்துதான் முறுக்கினேன். பக்குவமாகத்தான் முறுக்கினேன். முடித்துவிட்டு எழுந்தவன், மதுரைக்காரரின் லோடு வண்டியை நினைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்து இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தேன். நீ இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாய்.

சனிக்கிழமை சாயங்காலம் புது எண்ணெயை அளவாக ஊற்றி உதைத்தேன். எனக்கும் வயதாகிறது, உதைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் பிடித்தது. தெருவே நிமிர்ந்து பார்த்த மாதிரி ஒரு சத்தம். பட்டறையில் மிட்டாய் தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி ஈரக் கையோடு நிலையில் வந்து நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை, தெருமுனையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

என்ஜின் சூடாகி ஆறியதும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, முகப் பவுடர் கேட்டேன். நீ கண்டுபிடித்த வழிதானே அது. என்ஜின் மேல் பவுடரைத் தூவிவிட்டால் எங்கே கசிந்தாலும் ஈரக் கோடு தெரிந்துவிடும். தங்கச்சி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் இப்ப போடுறதில்ல அண்ணாச்சி. வண்டியாவது போடட்டும்" என்றாள். உன் வண்டி குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி நின்றது. மறுபடியும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. நானும் உன் மகளும் தள்ளிக்கொண்டு போய் வெள்ளை டைல்ஸ் மேல் நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். உன் மகள் எனக்கு முந்தியே வந்து குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. "ஒண்ணும் இல்ல மாமா" என்று எழுந்தாள். தோற்றதில் அவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். மதுரைக்காரருக்கு போன் போட்டு, "வர வேண்டாம்ணே, விக்கல" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போனாள்.

வென்றுவிட்டேன் என்று உன்னிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு தடவை கடைசியாகப் பார்ப்போமே என்று குனிந்தேன். டேப்பட் மூடிக்குக் கீழே பவுடரில் ஓர் ஈரக் கோடு. நூல் போல இறங்கி அடிப்பகுதி வரை வந்திருந்தது. கோடு முடிகிற இடத்துக்கு நேர் கீழே டைல்ஸ் மட்டும் மற்ற இடத்தைவிடக் கூடுதலாகப் பளபளத்தது.

திரும்பினேன். தங்கச்சி தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு வெள்ளைத் துணி மடிப்போடு.

"தங்கச்சி, இங்கன ஏதாவது கெடந்துச்சா?"

துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். "கெடந்துச்சு. ஒரு சொட்டுதான்."

"நீ தொடைச்சிட்டியா?"

"இந்த வண்டி வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து தொடைச்ச கை அண்ணாச்சி" என்றாள். "மிட்டாய்ச் சரக்கோட எந்த ஊருக்குப் போனாலும் நடுச்சாமத்துல வருவாவ. எழுப்ப மாட்டாவ. காலைல எந்திரிச்சு வந்து அந்தச் சொட்டப் பாத்தாத்தான் வந்து சேந்துட்டாவன்னு எனக்கு மனசு ஆறும். வாய்தான் ஏசும். இன்னிக்குக் காலைல கதவத் தொறந்தேன். கீழ சொட்டு கெடக்கு. அண்ணாச்சி, வந்துட்டாவன்னுதான் நெனச்சேன்."

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த எண்ணெய்க்கு எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறோம். அவள் ஏசுகிறாள் என்றுதானே நாம் வாழ்நாள் முழுக்க அந்த மூடியோடு மல்லுக்கட்டினோம். உனக்காவது இது தெரியுமா? தெரிந்துதான் அரைகுறையாக விட்டுவைத்தாயா? எனக்கு ஒரு நிமிஷம், இதை இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. தினமும் ஒரு சொட்டு விழட்டும். அவள் துடைத்துக்கொள்ளட்டும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள். "வேண்டாம் அண்ணாச்சி. நிறுத்திருங்க. தெனமும் கதவத் தொறந்து தெனமும் ஏமாற முடியாது" என்றாள்.

"குட்டை ஸ்பேனர் இருந்தா நிறுத்திருவேன். எங்க போட்டான்னே தெரியல" என்றேன். அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். பட்டறையில் அச்சு வெல்லம் உடைக்கிற இடத்தில் இருந்ததாம். பிடி கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று நீ போன பிறகு அதை வைத்துத்தான் வெல்லம் உடைக்கிறார்களாம்! வளையத்துக்குள் எல்லாம் வெல்லத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஊதித் துடைத்துவிட்டு நட்டைக் கழற்றினேன். மூடியை எடுத்து உன் மகளின் டைல்ஸ் மேலேயே வைத்து ஒரு ஓரத்தை அழுத்தினேன். மறு ஓரம் தூக்கியது. என் கால் சுற்றின் வேலை. அந்த டைல்ஸை விடச் சமமான இடம் உன் வீட்டில் இல்லை, உப்புத்தாளை அதன் மேலேயே விரித்துத் தேய்த்தேன். பேக்கிங் தாள் முதல் நாளே தீர்ந்துவிட்டது. என் பையில் தீப்பெட்டி அட்டை கிடந்தது. அதில் வெட்டி, நீ ஊற்றி வைத்திருந்த எண்ணெயிலேயே ஊறவைத்துப் போட்டேன். பாகு இல்லை. குட்டை ஸ்பேனரால் முறுக்கினேன். அது நின்ற இடத்தில் நானும் நின்றுகொண்டேன்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. தினமும் காலையில் நான் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லை. மூடி சமமாக இருந்தால் என் அட்டை மட்டுமே போதும் என்று எத்தனை வருஷம் உன்னிடம் தொண்டை வறளச் சொன்னேன்! நீ இருந்திருந்தால் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டாய், உள்ளுக்குள் பழைய பாகு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதுதான் நிறுத்துகிறது என்பாய். தங்கச்சியும் காலையில் கதவைத் திறந்ததும் கீழேதான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு வாசல் தெளிக்கப் போகிறாள்.

நேற்று உன் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். மெதுவாகக் கேட்டேன், "ஏட்டி, அன்னைக்கு ஒரு சொட்டு விழுந்திருந்தா நெசமாவே குடுத்திருப்பியா?" அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா தொடைச்ச துணியத் தொவைக்கது யாரு மாமா? நான்தான" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. உனக்கும் எனக்கும்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஸ்பேனரைத் தங்கச்சி என்னிடமே கொடுத்துவிட்டாள். "வெல்லம் உடைக்க வேற ஏதாவது பாத்துக்கிடுதோம். இது உங்களுக்குச் செஞ்சது" என்றாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது என்று என் வீட்டில் சத்தம் போடுகிறார்கள். ஆபீஸில் யாரிடமாவது குரலை உயர்த்தப் போகும்போது கை தானாகப் பைக்குப் போகிறது. பிடி முடிகிற இடம் விரலில் படுகிறது. நிறுத்திக்கொள்கிறேன், எப்போதும் இல்லை, சில நேரம்.

எவ்வளவு கழுவியும் அந்த வளையத்தில் வெல்ல வாசம் போகவில்லை. இன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டும்போது பைக்குள் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிடவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.